‘கழுவுகிறேன்’ என்ற ஒரு சொல்

ரப்பர் விலை அடியோடு விழுந்து, எஸ்டேட்டுகளில் ஆட்களை நிறுத்தி, கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்களில் நடந்தது இது. அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பாயிண்ட்ஸ்மேன். வருகிற ரயில் எந்தப் பாதையில் போக வேண்டுமோ அதற்குத் தகுந்தபடி தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. சில வாரம் இங்கே இருப்பார், சில வாரம் கிள்ளானுக்குப் போட்டுவிடுவார்கள். ஊரே வேலையில்லாமல் தவித்தபோது எங்களுக்கு ரயில்வே சோறு போட்டது. அந்த வகையில் நான் குறை சொல்ல மாட்டேன்.

குவார்ட்டர்ஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் பிள்ளை தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு’ என்பார்கள். அந்தப் பக்கம் இருந்தது ஓர் இந்துக் குடும்பம். அந்த வீட்டுக்காரர் ஸ்டேஷன் கேட்டில் நின்று டிக்கெட் பார்க்கிறவர். அவர் மனைவி என்னைவிட மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படிப் பழகியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் நாங்கள் முழங்காலில் நின்று செபமாலை சொல்லுவோம். ஆரம்பிக்கும்போது சிலுவை அடையாளம் போட்டு, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே ஆமென் என்று என் வீட்டுக்காரர் உரக்கச் சொல்லுவார். இப்போதெல்லாம் பரிசுத்த ஆவி என்கிறார்கள். அன்றைக்குக் கத்தோலிக்கர் வாயில் இஸ்பிரீத்து சாந்துதான். அது அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். அம்மியில் மிளகாய் அரைக்கும்போது அந்த ஓட்டத்திலேயே இஸ்பிரீத்து சாந்து, இஸ்பிரீத்து சாந்து என்று இழுத்து அரைப்பார். எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். 

“உங்க சாமிக்குக் காது மந்தமா தங்கச்சி? ஒரே மந்திரத்தை அத்தனை தடவை சொல்றீங்களே. எங்க பிள்ளையாரு ஒரு தேங்காயிலே புரிஞ்சுக்குவாரு லா” என்று என்னைச் சீண்டுவார். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். உங்கள் பிள்ளையார் தேங்காய்க்கு ஆசைப்பட்டுக் கேட்கிறார், எங்கள் ஆண்டவர் சும்மாவே கேட்பார் என்று திருப்பிக் கொடுப்பேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டு அவரவர் அடுப்பைப் பார்க்கப் போவோம்.

எங்களுக்கு முதலில் பிறந்த பையன் நடக்கப் பழகின வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்தோம். பாதிரியாரை நாங்கள் சாமியார் என்போம், அவர் மந்திரித்த பூமி அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே போய் நிற்பேன். பிள்ளை சம்மனசுகளோடு, தேவதூதர்களோடு இருக்கிறான், ஒரு நாள் பார்ப்போம் என்று ஒரு தைரியம் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் சோறு இறங்கிற்று.

அதற்கப்புறம் வெகு நாள் கழித்து மறுபடியும் உண்டானேன். ஏழாம் மாசம் நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் என் வீட்டுக்காரர் கிள்ளானில் இருந்தார். ஒரு மத்தியானம் வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினேன். வாசற்படியிலேயே இடுப்பைப் பிடித்து இழுத்தது. அக்கா என்று ஒரு சத்தம்தான் போட்டேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது. மறுநிமிஷம் அக்கா என் தலைமாட்டில் இருந்தார்.

பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க்காரர் கிராமத்திலிருந்து, மருத்துவச்சியை அழைத்து வர ஆள் போயிற்று. அந்த அம்மாள் நனைந்துகொண்டே வந்தார். என் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். சாபார், சாபார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொறுத்துக்கொள் என்று அர்த்தம். எனக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை பிழைக்காது என்று எனக்குள் தெரிந்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைக்கு மோட்சம் இல்லை என்றுதான் அந்தக் காலத்தில் எங்களுக்குப் படித்துக் கொடுத்தார்கள். நரகமும் இல்லையாம். வேதனை இல்லாத, ஆனால் ஆண்டவர் முகத்தைப் பார்க்க முடியாத ஓர் இடமாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மந்திரித்த பூமியிலும் இடம் கிடையாது, வேலிக்கு வெளியேதான் புதைக்க வேண்டும். இப்போதுள்ள சாமியார்கள் இத்தனை கண்டிப்பாகப் பேசுவதில்லை. அன்றைக்கு அது கல்லில் எழுதியது மாதிரி. ஆனால் ஆபத்தில் சாமியார்தான் வர வேண்டும் என்பதில்லை. யார் வேண்டுமானாலும், இந்துவானாலும் சரி, தலையில் தண்ணீர் ஊற்றி அதற்குரிய வாசகத்தைச் சொன்னால் ஞானஸ்நானம் செல்லும். அதையும் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

கண் இருட்டிக்கொண்டு வரும்போது அக்கா கையைப் பிடித்தேன். பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றுங்கள் அக்கா, எங்கள் சாமி பேரைச் சொல்லி ஊற்றுங்கள் என்று சொன்னேன். இன்னும் சொல்ல வேண்டியது இருந்தது. அதற்குள் நினைவு தப்பிவிட்டது.

கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. மருத்துவச்சி போய்விட்டிருந்தார். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மடியில் வெள்ளைத் துணியில் சின்னதாக ஒரு பொட்டலம். பெண் பிள்ளை. கொஞ்ச நேரம் மூச்சு இருந்ததாம். பூனைக்குட்டி மாதிரி இரண்டு தரம் முனகிற்றாம். முகத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மூக்கு அப்படியே இருந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே அக்கா, “ஊத்திட்டேன் தங்கச்சி. உங்க சாமி பேரைச் சொல்லித்தான் ஊத்துனேன்” என்றார்.

நான் கதறினேன், பெற்ற வயிறு இல்லையா. ஆனால் கதறலுக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்தது. என் மகளை அவள் அண்ணன் பக்கத்தில் படுக்க வைக்கலாம். இரண்டு பேரும் அங்கே ஒன்றாக இருப்பார்கள். அன்று ராத்திரி அந்த ஒரு நினைப்பைக் கட்டிக்கொண்டுதான் கிடந்தேன்.

காலை ரயிலில் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய் உபதேசியாரைக் கூட்டி வந்தார். உபதேசியார் நல்ல மனிதர். சைக்கிளில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் வேதபாடம் சொல்லிக் கொடுப்பவர். ஆபத்து ஞானஸ்நானம் என்றால் கொடுத்தவரை விசாரித்துவிட்டுத்தான் அடக்கம் செய்வது வழக்கம். அக்காவை வாசலில் நிற்க வைத்துக் கேட்டார். உள்ளே பாயில் படுத்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

தண்ணீர் ஊற்றினீர்களா என்றார். ஊற்றினேன் என்றார் அக்கா. காய்ச்சி ஆற வைத்த நீரைச் செம்பில் எடுத்து, பிள்ளை தலையை இடது கையில் தாங்கி, ரத்தமெல்லாம் போகிற மட்டும் பதமாக ஊற்றியதைச் சொன்னார். அப்போது பிள்ளைக்கு மூச்சு இருந்ததா என்றார். இருந்தது. என்ன சொல்லி ஊற்றினீர்கள் என்றார். அக்கா சுத்தமாகச் சொன்னார், பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே ஆமென்.

எனக்கு அப்போதே விஷயம் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அது நாங்கள் சிலுவை போடும்போது சொல்வது. சுவரைத் தாண்டி அக்கா காதில் விழுந்தது அவ்வளவுதான். ஞானஸ்நானத்துக்கு அது போதாது. ‘நான் உன்னைக் கழுவுகிறேன்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வாசகம் அப்படி. அந்தச் சொல் இல்லாவிட்டால் ஊற்றினது வெறும் தண்ணீர்.

உபதேசியாருக்கு எங்கள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். முழு வாசகத்தையும் தானே நிதானமாகச் சொல்லிக் காட்டி, “இப்படித்தானேம்மா சொன்னீங்க?” என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே ஆமாம் என்று சொல்லிவிடு தாயே என்ற கெஞ்சல் இருந்தது. அக்கா தலையை ஆட்டியிருந்தால் போதும். யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள்.

அக்கா தலையை ஆட்டவில்லை.

“கழுவுனேங்க. கழுவுறேன்னு வாயாலே சொல்லலீங்க.”

என் வீட்டுக்காரர் கைகூப்பிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். நன்றாக யோசித்துப் பாருங்கள் அக்கா, பதற்றத்தில் மறந்திருக்கும், சொல்லியிருப்பீர்கள் என்று கெஞ்சினார். கோயில் திருவிழாவில் சிலுவை தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிற மனிதர் அவர். ஒரு பொய்க்காக அப்படி மன்றாடி நான் பார்த்ததே இல்லை. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாரே தவிர, சொன்னதை மாற்றவில்லை.

விஷயம் அதற்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் கோயிலுக்கு வருகிற பெண்கள் சிலர் வாசலில் நின்றுகொண்டு, விபூதி பூசுகிற கை ஊற்றின தண்ணீர் எப்படிச் செல்லும் என்று பேசிக்கொண்டார்கள். எழுந்து போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. எழுந்திருக்கத் தெம்பு இல்லை.

உபதேசியார் போய்ச் சொன்னதும் சாமியாரே நடந்து வந்தார். பிரெஞ்சுக்காரர். எத்தனையோ வருஷம் தமிழ் ஜனங்களோடு இருந்தவர். தமிழைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசுவார். வாசலில் நின்ற பெண்களைப் பார்த்து, இந்த அம்மாள் அந்த வாசகத்தைச் சொல்லியிருந்தால் பாப்பரசர் கொடுத்த ஞானஸ்நானத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்றார். அவர்கள் வாயை மூடிக்கொண்டு கலைந்து போனார்கள். பிறகு அவரும் அக்காவை விசாரித்தார். அக்கா அதே பதிலைச் சொன்னார். சாமியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் படியில் உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. அப்படி உட்கார்ந்திருந்ததிலேயே எனக்கு முடிவு தெரிந்துபோயிற்று.

அன்று பொழுது சாய்வதற்குள் அடக்கம். பிள்ளை பெற்று ஒரு நாள் ஆன நான் போக முடியாது. பிள்ளையை யார் தூக்குவது என்று வந்தபோது அக்கா வந்து என் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் அந்த மாதிரி இடத்துக்குப் போகவே மாட்டார்கள். அவர் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். பெற்றவள் போக முடியவில்லை, பொம்பளைக் கை ஒன்று கூடப் போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு ஆண்களுக்குப் பின்னால் நடந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்தேன். என் மகள் என்னைவிட்டுப் போனது அந்த முதுகாகத்தான் என் கண்ணில் நிற்கிறது.

மற்றதெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, புல் மண்டிய ஓர் ஓரத்தில் குழி வெட்டியிருந்தார்கள். எங்கள் பையன் கிடந்த இடம் அங்கிருந்து பார்த்தால் தெரியுமாம். அந்த அடக்கத்துக்குச் சாமியார் வர வேண்டியதே இல்லை. வந்தாராம். மந்திர உடுப்பு இல்லை, தீர்த்தம் இல்லை, சபையின் செபம் ஒன்றும் சொல்லவில்லை. உபதேசியார் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி அவரே மண்ணைத் தள்ளினாராம். முடிந்ததும் எல்லாரும் போன பிறகும் நின்றாராம்.

மறுநாள் என்னைப் பார்க்க வந்தார். என் மகளுக்கு மோட்சம் உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சாமி என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். 

“சபைக்கு வேலி உண்டு, மகளே. சர்வேசுரனுக்கு வேலி உண்டென்று நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை” என்றார். 

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கு அது ஆறவில்லை. வேலி போட்டது நீங்கள்தானே என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

எனக்குப் பத்தியச் சமையல் செய்தது அக்காதான். பூண்டு வதக்கி, காயம் இடித்து, வேளா வேளைக்குக் கொண்டு வந்து வைப்பார். நான் சாப்பிடுவேன், அவர் தட்டை எடுத்துக்கொண்டு போவார். பேச்சு இல்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மிச் சத்தம் கேட்கும், பாட்டு இருக்காது. எங்கள் வீட்டில் செபமாலை ஆரம்பித்தால் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இராது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ என்று தோன்றும்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு தலையாட்டல்தானே அக்கா, ஒரு தலையாட்டலுக்கு என் பிள்ளையை வெளியே போட வைத்துவிட்டீர்களே, உங்கள் பிள்ளையாக இருந்தால் இப்படிச் செய்வீர்களா என்று கேட்டுவிட்டேன்.

அவர் உட்கார்ந்தார். கோபப்படவில்லை.

“எங்க வீட்டு மனுஷன் கேட்டுலே நின்னு எத்தனை பொய் டிக்கெட்டைப் பிடிச்சிருக்காருன்னு உனக்குத் தெரியும். பொய் டிக்கெட்டைக் குடுத்து நான் உன் பொண்ணை ஏத்தி விட்டா, பாதி வழியிலே கண்டுபிடிச்சு இறக்கி விட்ருவாங்க தங்கச்சி. கைப்புள்ளை அது. நீயும் இல்லாம, நானும் இல்லாம, ஒத்தையிலே எங்கே போவும்?”

உபதேசியாருக்கு இரக்கம் இருந்தது, சாமியாருக்குச் சட்டம் இருந்தது, எங்களுக்குத் துக்கம் இருந்தது. எங்கள் வேதத்தை அணுவளவும் சந்தேகப்படாமல் முழுக்க நம்பியது அந்த வாசலில் அக்கா ஒருத்திதான். மோட்ச வாசலில் நிஜமாகவே ஒருவர் நின்று கேட்பார் என்று நம்பினார், அதனால்தான் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. ஞானஸ்நானம் பெற்ற நாங்கள்தான் ஆளுக்கு ஒரு பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு பேருமாக அழுது ஓய்ந்த பிறகு, மூக்கைச் சிந்திக்கொண்டு அக்கா கேட்டார், “அந்த மந்திரத்தை முழுசா எனக்குச் சொல்லிக் குடு.”

சொல்லிக் கொடுத்தேன். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன். ‘கழுவுறேன்’ என்றுதான் அவர் வாயில் வந்தது. அப்படிச் சொன்னாலும் போதும் என்றேன். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். இனிமேல் யாராவது பிள்ளைக்கு ஆபத்து என்றால் உதவும் என்பதற்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வெளியே போகலாம் என்று ஆன முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு அக்காவும் என்னோடு கூட வந்தார். கோயிலுக்குள் வரவில்லை, மரத்தடியில் காத்திருந்தார். பூசை முடிந்ததும் வேலி ஓரத்துக்குக் கூட்டிப் போனார். முதன்முதலாக அந்த இடத்தைப் பார்க்கிறேன். சின்ன மேடு. அதைச் சுற்றி மட்டும் புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்திருந்தது. யார் வந்து செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அக்கா கையில் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் குனிந்தார். மேட்டின் தலைமாட்டில் தண்ணீரைப் பதமாக ஊற்றிக்கொண்டே, ஒரு சொல்கூட விடாமல் அந்த வாசகத்தை முழுசாகச் சொன்னார். கழுவுறேன் என்கிற இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தி, மறுபடியும் அந்தச் சொல்லைத் தெளிவாகச் சொன்னார்.

செத்தவர்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் சாமியார் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் தடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அக்கா சொல்லி முடிக்கிற வரையில் தலை குனிந்து நின்றார். முடிந்ததும் ஆமென் என்று சொன்னது அவர்தான்.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், பேரன் பேத்தியும் எடுத்துவிட்டேன். விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கங்கள் எத்தனையோ கேட்டாகிவிட்டது. என் மகள் மோட்சத்தில் இருக்கிறாளா என்று இன்று வரைக்கும் யாரும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அங்கே போனால் அவளை யார் கையில் தேட வேண்டும் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.